தென்னை மரத்து வெள்ளைப் பாசி: எட்டுப் பல்லை எண்ணிக் கண்டுபிடிப்பது எப்படி?

தென்னையின் அடிமரத்தில் சின்ன மெத்தைபோல வெளுத்த பாசி ஒட்டியிருந்தால், பூசணம் என்று நினைத்துச் சுரண்டி விடாதீர்கள். அது ஆக்டோபிளெஃபாரம் ஆல்பிடமாக இருக்கலாம். வெப்பமண்டலம் நெடுக, தென்னை பனைகளிலும் மட்கிய கட்டைகளிலும் வளரும் மாஸ் (moss) வகைப் பாசி அது. மரத்திலிருந்து எதையும் உறிஞ்சாது. 10 மடங்கு கைலென்ஸும் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: இலை இருக்கிறதா என்று பாருங்கள். மரப்பட்டையில் வெளுத்துத் தெரியும் லைக்கனுக்கு (பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து வாழும் உயிரி) தண்டும் இலையும் கிடையாது. இதற்கு உண்டு. தண்டு ஒரு சென்டிமீட்டர் அளவுதான். இலைகள் நாலாபக்கமும் விரிந்திருக்கும்.

படி 2: தண்ணீர் தெளியுங்கள். எனக்கு மிகப் பிடித்த படி இதுதான். வெள்ளை மங்கி, கண்ணெதிரே பச்சை மேலெழும். இலையின் பெரும்பகுதி தடித்த நடுநரம்பே. அதில் நிறமற்ற வெற்றுச் செல்கள் பல அடுக்காக இருக்கும். பச்சைச் செல்களோ நடுவே ஒற்றை அடுக்குதான். வெற்றுச் செல்களில் காற்று நிறைந்திருக்கும்வரை வெள்ளை. நீர் புகுந்ததும் உள்ளிருக்கும் பச்சை தெரிகிறது. பள்ளி மைக்ரோஸ்கோப் கிடைத்தால் இலையைக் குறுக்கே மெல்லியதாகச் சீவிப் பாருங்கள்: பச்சைச் செல்கள் முக்கோணமாக இருக்கும்.

படி 3: இலை வடிவம். நாடாபோல் ஒரே அகலத்தில் நீண்டு, நுனியில் மட்டும் சிறு கூர். அடிப்பகுதி தண்டைத் தழுவியிருக்கும். சிலவற்றில் அங்கே ஊதாச் சாயலும் தெரியும். இதேபோல் வெளுத்திருக்கும் லூக்கோபிரையம் என்ற இன்னொரு மாஸில் இலை நுனியை நோக்கிக் குறுகிக்கொண்டே போகும். குழப்பம் வருவது இங்கேதான், நிதானமாகப் பாருங்கள்.

படி 4: பல்லை எண்ணுங்கள். குட்டைக் காம்பின் மேல் நிமிர்ந்து நிற்கும் வித்துறையை, அதாவது வித்துகள் இருக்கும் சிறு உறையைத் தேடுங்கள். மூடி விழுந்திருந்தால், வாயைச் சுற்றிப் பற்கள் தெரியும். லூக்கோபிரையத்தில் 16, இதில் 8. பெயரே அதைச் சொல்கிறது: கிரேக்கத்தில் ஆக்டோ என்றால் எட்டு, பிளெஃபாரோன் என்றால் இமை. ஆல்பிடம் என்ற லத்தீன் சொல்லுக்கு வெண்மையானது என்று பொருள். 1801இல் வெளியான, தாவரவியலாளர் ஹெட்விக்கின் நூலில் வந்த பெயர் இது.

எல்லா மெத்தையிலும் வித்துறை இருக்காது; பக்கத்து மரத்தையும் பாருங்கள். சோதிக்க ஒரே ஒரு தண்டு போதும், மெத்தையைப் பெயர்க்க வேண்டாம்.