புகைக்குழாய்ச் சூட்டைத் தடுத்தல்: தகடு எங்கே, நாடா எங்கே

பெட்ரோல் எஞ்சின் எரிக்கும் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகையோடு வெளியேறிவிடுகிறது. முழு இழுவையில் ஓடும்போது எஞ்சின் ஹெட்டை விட்டு வெளிவரும் புகையின் வெப்பம் 800 டிகிரி செல்சியஸைத் தொடுவதுண்டு. பைக்கில் அந்தப் புகையை முதலில் வாங்கும் பெண்ட் பைப், ஓட்டுபவரின் முழங்காலுக்கும் பின்னால் அமர்ந்திருப்பவரின் கெண்டைக்காலுக்கும் ஒரு சாண் தூரத்தில்தான் போகிறது. அந்தச் சூட்டைத் தடுக்க இரண்டு வழிகள் உள்ளன: குழாயிலிருந்து சற்று விலக்கித் தகடு பொருத்துவது, அல்லது குழாயின் மீதே வெப்பநாடா, அதாவது சூடு தாங்கும் இழைகளால் நெய்த பட்டை, சுற்றுவது. பலரும் நேராக நாடாவுக்குத்தான் போகிறார்கள். நான் தகட்டிலிருந்து தொடங்கச் சொல்வேன்; காரணம் பின்னால் வரும்.

பொருள் வாங்கும் முன் சூடு இயல்பானதுதானா என்று பாருங்கள். இருட்டில் நிறுத்தி ஓடவிட்டால் பெண்ட் பைப் சிவந்து ஒளிர்கிறது என்றால், எரிபொருள் கலவையில் பெட்ரோல் குறைந்திருக்கலாம், அல்லது பிளக் தீப்பொறி தாமதமாக விழலாம். அதைச் சரிசெய்யாமல் மூடி மறைப்பது நோயைப் போர்வைக்குள் வைப்பதற்குச் சமம். ஹெட்டோடு குழாய் சேரும் இடத்தில் கரி படிந்திருந்தால், இணைப்பை அடைக்கும் வளையமான காஸ்கெட் கசிகிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்தவுடனே அந்த இணைப்பில் சோப்பு நீரைத் தடவினால், கசிவு இருக்கும் இடத்தில் குமிழி கிளம்பும்.

இனி தகடு. சூடான குழாயிலிருந்து வரும் வெப்பத்தில் பெரும்பங்கு கதிர்வீச்சாக வருவதால், பளபளப்பான ஓர் உலோகத் தகடு அதைத் திருப்பி அனுப்பிவிடும். தகட்டுக்கும் குழாய்க்கும் இடையில் ஓடும் காற்று மிச்சத்தைக் கொண்டுபோய்விடும். ஆகவே இங்கே வேலை செய்வது தகட்டைவிட அந்த இடைவெளிதான். 10 முதல் 15 மி.மீ. வரை விட வேண்டும். முதலில் அட்டையை வெட்டி, குழாயின் வளைவுக்கு ஒத்து வருகிறதா, காலும் கிக்கரும் இடிக்கவில்லையா என்று பார்த்து, அந்த அளவிலேயே 1 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டை வெட்டி வளைக்கச் சொல்லுங்கள். அலுமினியமும் ஆகும், ஆனால் அது 660 டிகிரியில் உருகும் உலோகம் என்பதால் எங்கும் குழாயைத் தொடக் கூடாது. பட்டறையில் கைக்கு அகப்படும் ஜிஐ தகட்டை மட்டும் ஏற்காதீர்கள். அதன் மேல் பூசியிருக்கும் துத்தநாகம் 419 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும். தகட்டைத் தாங்கும் கால்களை ஸ்டீல் ஹோஸ் கிளாம்ப் கொண்டு குழாயில் இறுக்கலாம். போல்ட் துளைகளில் ஒன்று வட்டமாகவும் மற்றது நீள்வட்டமாகவும் இருக்கட்டும்; 60 செ.மீ. நீளமுள்ள எஃகுக் குழாய் 400 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 3 மி.மீ. நீளும், அதற்கு இடம் கொடுக்காவிட்டால் தகடு நெளியும் அல்லது போல்ட் துளையோரம் கீறும். கார்களின் அடியில் கம்பெனியே பொருத்திய தகடு கடகடவென்று ஆடினால், அநேகமாக அந்தத் துளையோரம் துருவேறிப் பெரிதாகியிருக்கும். சத்தம் தாங்காமல் அதைக் கழற்றி எறிபவர்கள் உண்டு. அகலமான ஒரு வாஷர் போட்டால் போதும்.

தகட்டுக்கு இடமே இல்லாத நெருக்கத்தில்தான் நாடாவுக்கு வேலை. நாடா வெப்பத்தைத் திருப்புவதில்லை, குழாய்க்குள்ளேயே அடைக்கிறது. அதனால் குழாயின் உலோகம் முன்பைவிட அதிகச் சூட்டில் வேகிறது. மேலும் மழைநீர் நாடாவில் ஊறி நின்றால் சாதாரண எஃகு உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும். என் பழைய வண்டியில் ஆசையாகச் சுற்றியதை இரண்டு மழைக்காலம் கழித்துப் பிரித்தபோது, துரு பாளம் பாளமாக உதிர்ந்தது. வளைவின் அடிப்பக்கத்தில் ஸ்குரூடிரைவர் முனை உள்ளே இறங்கியது. நாள்தோறும் மழையிலும் வெயிலிலும் ஓடும் வண்டிக்கு நாடாவை நான் சொல்லத் தயங்குவது அதனால்தான். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 என்ற புகை மாசு விதிக்குப் பிந்தைய வண்டிகளில் புகைப்பாதையில் ஆக்சிஜன் சென்சாரும், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரும் இருக்கும்; இவற்றின் மீது நாடா படவே கூடாது.

சுற்றுவதென்று முடிவானால், கண்ணாடி இழை நாடாவைவிட எரிமலைப் பாறையிலிருந்து எடுக்கும் பசால்ட் இழை நாடா கூடுதல் சூடு தாங்கும். பழைய பட்டறைகளில் கிடக்கும் கல்நார் கயிற்றைத் தொடாதீர்கள். அதன் தூசி நுரையீரல் புற்றுநோய் தரும் என்பது உறுதிப்பட்ட செய்தி. 38 மி.மீ. குழாயின் சுற்றளவு ஏறத்தாழ 119 மி.மீ.; 25 மி.மீ. நாடாவை ஒவ்வொரு சுற்றிலும் 6 மி.மீ. மேலேற்றிச் சுற்றினால் ஒரு சுற்றுக்கு 19 மி.மீ. முன்னேறும். 60 செ.மீ. நீளத்துக்கு 32 சுற்று, அதாவது 4 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. முனை மடிப்புக்கும் வளைவுக்கும் சேர்த்து 5 மீட்டர் வாங்குங்கள்.

குழாயைக் கழற்றித் துருவைத் தேய்த்து, வெப்பம் தாங்கும் சிலிக்கோன் பெயின்ட் அடித்துக் காயவிடுங்கள். நாடாவைக் கால் மணி நேரம் நீரில் ஊறவைத்துப் பிழிந்தால் இழைத்தூசி பறக்காது, காயும்போது இறுகியும் கொள்ளும். கையுறையும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் தொட்டவருக்கு அன்றிரவு அரிப்பில் தூக்கம் வராது. தென்னங்கீற்று வேய்பவர் கூரையின் கீழ் விளிம்பில் தொடங்கி முகட்டை நோக்கி ஏறுவது போல, சைலன்சர் பக்கத்தில் தொடங்கி எஞ்சினை நோக்கிச் சுற்ற வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு மடிப்பின் திறந்த விளிம்பும் பின்னோக்கி அமையும், எதிர்க்காற்றும் தண்ணீரும் அதன் அடியில் புகாது. முதல் சுற்றை அதன் மீதே இரட்டிப்பாகச் சுற்றி ஸ்டீல் டை (கட்டும் எஃகுப் பட்டி) போட்டு இறுக்குங்கள். வளைவில் உட்புறம் நாடா குவியும், வெளிப்புறம் விரியும், 6 மி.மீ. கணக்கை வெளிப்புறத்தில் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கே குழாய் பல்லிளிக்கும். கை தளர்ந்தால் பத்துச் சுற்றைப் பிரித்து மறுபடி தொடங்குவதற்கு அலுத்துக்கொள்ளாதீர்கள்.

முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது நாடாவிலுள்ள பசை எரிந்து நன்றாகப் புகையும். வெட்டவெளியில் நிறுத்தி, புகை அடங்கும்வரை விட்டுவிட்டு ஓடவிடுங்கள்; பிறகு ஆறவைத்து டைகளை இன்னொரு முறை இறுக்குங்கள். ஹெட்டிலிருந்து எண்ணெய் கசிந்து நாடாவில் ஊறினால் அது விளக்குத் திரியாகிவிடும். துடைத்துப் பார்த்துக்கொண்டிராமல் அன்றே வெட்டி எடுத்துவிட்டு, கசிவை அடைத்த பின் புது நாடா சுற்றுங்கள்.