சிறுகதை வாசிக்கும்போது காசை எண்ணிப் பாருங்கள்

சிறுகதையில் வரும் சாதாரண மனிதர்களைப் புரிந்துகொள்ள நான் கடைப்பிடிக்கும் வழி இது. கதையில் யார் கையில் எவ்வளவு காசு, அது எதற்குச் செலவாகிறது என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வாசியுங்கள்.

புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' எப்படித் தொடங்குகிறது? கந்தசாமிப் பிள்ளை மனத்தில் ஒரு கணக்கு ஓடுகிறது: டிராமில் போனால் காலணா மிஞ்சும், வெற்றிலை பாக்கு போடலாம். பஸ்ஸில் கண்டக்டரை ஏமாற்றிவிட்டுப் போனால் அரைக் கப் காப்பி குடிக்கலாம், ஆனால் வெற்றிலை கிடையாது. கடவுள் வருவதற்கு முன்பே, அந்தக் காலச் சென்னையின் கீழ்நடுத்தர வாழ்க்கை இந்த ஒரு கணக்கில் வந்துவிடுகிறது. எத்தனை முறை வாசித்தாலும் எனக்கு இந்த இடம் அலுக்கவில்லை.

இந்தி எழுத்தாளர் பிரேம்சந்தின் 'ஈத்கா' கதையிலும் பாருங்கள். சிறுவன் ஹாமித்திடம் 3 பைசாதான். மற்ற பிள்ளைகள் பொம்மையும் மிட்டாயும் வாங்க, அவன் பாட்டியின் கை அடுப்பில் சுடாமலிருக்க ஓர் இடுக்கி வாங்குகிறான். அவர்கள் வீட்டு வறுமை, அன்பு, அடுப்படி எல்லாம் அந்த 3 பைசாவுக்குள் இருக்கிறது.

அப்புறம், காசு பற்றிய பேச்சே வராத கதையா? சரி, அங்கே யார் நிற்கிறார்கள், யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கவனியுங்கள். சாதியும் அதிகாரமும் பெரும்பாலும் அதில் தெரிந்துவிடும்.