வெள்ளை பூத்த ஸ்பார்ட்டாப் படை

மொத்தம் 24 ஸ்பார்ட்டா (பண்டைய கிரேக்க நகரம்) வீரர்கள், மேஜைப் போர் விளையாட்டுக்கான 28 மி.மீ. உலோகப் பொம்மைகள். சிவப்பு மேலங்கி, வெண்கலத் தலைக்கவசம், கேடயத்தில் லாம்ப்டா (Λ) என்ற கிரேக்க எழுத்து என்று மூன்று வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து தீட்டியிருந்தேன். பாக்கி இருந்தது மேட் வார்னிஷ், அதாவது பளபளப்பில்லாத காப்புப் பூச்சு, ஸ்ப்ரே மட்டும்தான். வெளியே மழை. நாளைக்கு ஆட்டம் இருக்கிறதே என்று ஜன்னலோரம் வைத்து அடித்துவிட்டேன்.

பத்து நிமிடத்தில் படை முழுக்க மாவு தூவியது போல வெளுத்துவிட்டது. மேலங்கி மடிப்புகளில் போட்ட கருஞ்சிவப்பு நிழலெல்லாம் காணோம்.

காற்றில் ஈரம் அதிகமென்றால் ஸ்ப்ரே வார்னிஷ் இப்படிப் பூத்துவிடும். அடியில் பெயிண்ட் அப்படியேதான் இருக்கும். அது தெரியாமல் பதறிப்போய் ஒருவனை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் என்ற கரைப்பானில் ஊறப்போட்டேன். பெயிண்டும் சேர்ந்தே கழன்று வந்தது. அவன் குழலூதுகிறவன் வேறு. ஸ்பார்ட்டாக்காரர்கள் குழலோசைக்குத்தான் அடியெடுத்து வைப்பார்கள்.

அப்புறம் நிதானமாக இன்னொருவனை எடுத்து, கிளாஸ் (gloss), அதாவது பளபளப்பான, வார்னிஷைத் தூரிகையால் மெல்லியதாகப் பூசினேன். தூரிகை போன இடமெல்லாம், தண்ணீர் தெளித்த கல் மாதிரி, சிவப்பு திரும்பி வந்தது! மீதிப் பேருக்கும் அதையே செய்து, ஒரு நாள் காயவிட்டேன். பளபளப்பை அடக்க மறுபடி மேட் வார்னிஷ், ஆனால் இந்தத் தடவை தூரிகையில். புட்டியை நன்றாகக் குலுக்க வேண்டும், மேட் பொடி அடியில் தங்கிவிடும். தலைக்கவசத்தை மட்டும் விட்டுவிட்டேன், வெண்கலம் மினுங்கட்டும்.

ஆட்டம் தவறிப்போனது. குழலூதுகிறவன் இன்னும் வெறும் உலோகமாகத்தான் நிற்கிறான்.