டர்போ காருக்கு ரிட்டர்ன் லைன் அமைத்த என் அனுபவம்

என் காருக்கு டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) பொருத்திய பிறகு, ஆக்ஸிலரேட்டரை முழுதும் மிதிக்கும்போது காற்று-பெட்ரோல் கலவையில் பெட்ரோல் குறைவதை மீட்டர் காட்டியது. டேங்குக்குள்ளேயே ரெகுலேட்டர் (அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) வைத்து 58 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) அழுத்தத்தை மாறாமல் அனுப்பும் அமைப்பு அது; மிகுதிப் பெட்ரோலை இன்ஜினிலிருந்து டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் குழாய் அதில் இல்லை. இன்ஜினுக்குள் காற்று செல்லும் மேனிஃபோல்டில் 10 பிஎஸ்ஐ பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) ஏறினால், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் இரு முனைகளுக்கிடையே 48 பிஎஸ்ஐ மட்டுமே எஞ்சுகிறது. பாய்வு இந்த வேறுபாட்டின் வர்க்கமூலத்தைப் பொறுத்ததால், பெட்ரோல் ஏறத்தாழ 9 சதவீதம் குறைகிறது. மிகவும் தேவைப்படும் நேரத்தில் நேரும் இக்குறைவு பிஸ்டனையே உருக்கிவிடக்கூடும்.

பம்ப் ஃபியூஸை எடுத்து, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்கினேன். டேங்குக்குள் இருந்த ரெகுலேட்டரை நீக்கி அதன் வழியை அடைத்தேன். இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பகிரும் ரெயிலின் மூடிய முனையில் மரையிட்டு, மேனிஃபோல்டுடன் வேக்குவம் ஹோஸால் (மெல்லிய காற்றுக் குழாயால்) இணைந்து, அங்குள்ள அழுத்தத்துக்கு ஏற்ப பெட்ரோல் அழுத்தத்தையும் ஏற்றி இறக்கும் புதிய ரெகுலேட்டரைப் பொருத்தி, அதிலிருந்து டேங்கின் அடிவரை தனிக் குழாய் இழுத்தேன்.

அங்கேதான் தவறினேன். ரிட்டர்ன் குழாய் மெலிதாக இருந்ததால், ரெகுலேட்டரை எவ்வளவு தளர்த்தியும் ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) அழுத்தம் 65 பிஎஸ்ஐக்குக் கீழே இறங்கவில்லை. அகலமான குழாயை மாற்றியதும் அது சரியானது.

இன்ஜினை இயக்குமுன் சாவியைத் திருப்பிப் பம்பை மட்டும் ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் கையால் தடவிக் கசிவு பார்த்தேன். தீயணைப்பான் அருகிலேயே இருந்தது. பிறகு இன்ஜினை இயக்கி, வேக்குவம் ஹோஸைக் கழற்றி, அதன் முனையை அடைத்து 58 பிஎஸ்ஐ வைத்தேன். மீண்டும் மாட்டியதும் ஐடிலில் 48 அளவுக்கு இறங்கியது. இனி வேறுபாடு மாறாது என்பதால், இசியுவில் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியில்) இன்ஜெக்டர் பாய்வு அட்டவணையையும் ஒரே மதிப்பாக மாற்றினேன்.