ஹெர்னியா ஆபரேஷனுக்கு முன் எடையும் குறைந்தது, தெம்பும் இருந்தது

சிசேரியன் தழும்பில் வந்த ஹெர்னியாவுக்கு (வயிற்றுச் சுவர் பலவீனமான இடத்தில் குடல் பிதுங்குவது) மெஷ் என்ற வலை வைத்துத் தைக்க வேண்டும், அதற்கு முன் எடையைக் குறைத்துவிட்டு வாங்க என்றார் சர்ஜன். வயிற்றில் கொழுப்பு அதிகமாக இருந்தால் புண்ணில் சீழ் பிடிக்கவும், ஹெர்னியா திரும்ப வரவும் வாய்ப்பு கூடுமாம். வீட்டில் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: ராத்திரி சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கஞ்சி குடி.

டயட்டீஷியன் ஒப்புக்கொள்ளவே இல்லை. பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் கரையும், காயம் ஆறப் புரதம் வேண்டும் என்று சொல்லி, எனக்கு நாளுக்கு 80 கிராம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் என்றதும் மலைப்பாக இருந்தது.

சோற்றைத்தான் குறைத்தோம். காலையில் இரண்டு இட்லி, இரண்டு அவித்த முட்டை. மதியம் ஒரு கப் சோறு, அதைவிடக் கூடுதலாகக் காய், இரண்டு துண்டு மீன், தயிர். நாலு மணிக்கு பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல். எனக்குப் பெரிய உதவி இதுதான். ராத்திரி வரை பசி அடங்கிக் கிடக்கும். இரவில் பச்சைப்பயறு அடை. அப்புறம் வயிற்றுக்கு பெல்ட் கட்டிக்கொண்டு மெதுவான நடை.

ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். டீயோடு போட்டால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது என்பதால், எலுமிச்சை ஜூஸோடு போட்டேன்.

எடை மெல்லத்தான் இறங்கியது, ஆனால் மாடிப்படி ஏறும்போது தள்ளாட்டம் இல்லை. ரத்தப் பரிசோதனையைப் பார்த்ததும் சர்ஜன் தேதி கொடுத்துவிட்டார். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.