பாக்கோட வயலின் ஹார்ப்சிகார்டு சொனாட்டா, நம்ம வீட்டுல வாசிச்சுப் பாக்க

காரைக்குடி பக்கம் கர்நாடக வயலின் கத்துக்கிட்டவங்க வீட்டுல கீபோர்டு வாசிக்கிற தம்பியோ தங்கச்சியோ இருந்தா ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கோட ஆறு சொனாட்டாவையும் (பல பகுதியா வர்ற வாத்திய இசை) தாராளமா எடுக்கலாம், பாக் படைப்புப் பட்டியல் எண் பிடபிள்யூவி 1014லேருந்து 1019 வரைக்கும். நோட்டேஷன் நெட்ல இலவசமாவே கிடைக்குது. ஆனா ஹார்ப்சிகார்டை, அதாவது பியானோவுக்கு முந்தின பழைய கட்டை வாத்தியத்தை, பக்கவாத்தியம்னு நினைச்சு உக்காராதீங்க, அதோட வலது கை வயலினுக்குச் சமமான குரல், இடது கை பேஸ்ங்கிற கீழ்க் குரல், ஆக வாசிக்கிறது ரெண்டு பேரு, கேக்குறது மூணு குரல்.

முதல்ல வயலின். நம்ம ச ப ச ப சுருதியில நடுவுல இருக்குற ரெண்டு கம்பிக்கும் இடைவெளி ப-ச தான், வெஸ்டர்ன்ல ஜி டி ஏ ஈ, எல்லாமே ச-ப இடைவெளி. பழைய கம்பியையே முறுக்கி ஏத்தாதீங்க அறுந்துரும், வெஸ்டர்ன் செட் தனியா வாங்கிப் போடுங்க. நீண்ட ஸ்வரத்துல கமகம் வேணாம், நேரா நிறுத்தி வில்லால மட்டும் சத்தத்தை வளத்து இறக்குங்க.

கீபோர்டுல ஹார்ப்சிகார்டு வாய்ஸ் போட்டு டச் ரெஸ்பான்ஸை (அமுக்குற வேகத்துக்கு ஏத்த மாதிரி சத்தம் மாறுற வசதி) ஆஃப் பண்ணிருங்க, பெடல் பக்கமே போகாதீங்க. நிஜ ஹார்ப்சிகார்டுல கட்டையை அமுக்குனா சின்ன குச்சி ஒண்ணு கம்பியை மீட்டும், ஓங்கி அடிச்சாலும் மெல்லத் தொட்டாலும் சத்தம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அதனால அழுத்தம் காட்டணும்னா ஒரு ஸ்வரத்தைக் கொஞ்சம் கூட நேரம் பிடிக்கணும், இல்லன்னா அதுக்கு முன்னாடி துளி இடைவெளி விடணும், வீணை மீட்டுனவங்களுக்கு இது சட்டுன்னு வந்துரும். கீபோர்டுல சுருதி மாத்துற டிரான்ஸ்போஸை மைனஸ் ஒண்ணு வச்சா ஏ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸ்லேருந்து 415க்கு இறங்கும், இன்னைக்கு பரோக், அதாவது பாக் காலத்து இசை, வாசிக்கிறவங்க பெரும்பாலும் வைக்கிற சுருதி அது, வயலினையும் அரை ஸ்வரம் இறக்கிக்கங்க.

பட்டாலையில, அதாவது செட்டிநாட்டு வீட்டுப் பெரிய கூடத்துல, வாசிக்கணும்னு ஆசையா இருக்கும், ஆனா ஆத்தங்குடிக் கல்லும் வழுவழு சுண்ணாம்புச் சுவரும் சத்தத்தைத் திருப்பி அடிச்சு அலெக்ரோங்கிற வேகமான பகுதியில மூணு குரலையும் குழப்பிரும். உள் அறையில ஜமுக்காளம் விரிச்சு உக்காருங்க.

ஆரம்பிக்க 1016, ஈ மேஜர், மூணாவது பகுதி. கீழ ஒரே சின்ன பேஸ் வரி திரும்பத் திரும்ப வரும், மேல வயலின் பாட்டை எடுக்கும், அப்புறம் அதே பாட்டு வலது கைக்குப் போயிரும், அப்ப வயலின் ரெண்டு கம்பியைச் சேர்த்து வாசிச்சு ஒத்தாசை பண்ணும், கேக்கவே அவ்ளோ அழகு. முதல்ல வயலினும் இடது கையும் மட்டும் வாசிங்க, அப்புறம் வயலினும் வலது கையும், அது ரெண்டும் ஓடுனாத்தான் மூணையும் சேக்கணும். பாட்டு வலது கைக்குப் போற இடத்துல வயலின் கட்டாயம் சத்தத்தைக் குறைக்கணும், ஏன்னா கீபோர்டால எழும்ப முடியாது.