இனமேம்பாட்டியல் காலத்துக் காப்பகக் கோப்புகளை வாசிப்பது எப்படி

காப்பகத்தில் அடைக்கப்பட்ட ஒரு குழந்தையின் பழைய கோப்பைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது ஒரு முத்திரைச் சொல். அதை நம்பிப் பக்கத்தைப் புரட்டினால் கோப்பு முழுவதும் தவறாகவே விளங்கும். ‘தரம் குறைந்தவர்கள்’ பிள்ளை பெறாமல் தடுத்து மனித இனத்தை மேம்படுத்தலாம் என்ற யூஜெனிக்ஸ், அதாவது இனமேம்பாட்டியல், செல்வாக்கோடு இருந்த காலத்தில் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் எழுதப்பட்ட இந்தக் கோப்புகளில் பல, முன்பே எடுத்துவிட்ட முடிவுக்குச் சேர்த்த சாட்சியங்கள்தான். எனவே ஒரு தாளில் மேலிருந்து கீழாக மூன்று பத்தி (நெடுவரிசை) போட்டுக்கொள்ளுங்கள்: அளந்தது, பார்த்தது, கேள்விப்பட்டது. கோப்பின் ஒவ்வொரு வரியையும் இவற்றில் ஒன்றில் போடுங்கள். மூன்றாவது பத்திதான் வேகமாக நிறையும்.

முதலில் முத்திரைச் சொற்கள். நியூ ஜெர்சியின் வைன்லேண்ட் பயிற்சிப் பள்ளியில் ஆய்வுப் பிரிவை நடத்திய ஹென்றி காடர்ட், குழந்தையின் அறிவுத்திறனை அளக்கும் பிரான்சின் பினே சோதனையை 1908இல் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார். 1910இல் வகுத்த பட்டியலில் மனவயது (அந்தச் சோதனையில் எந்த வயதுக் குழந்தையின் அளவுக்குத் தேறினார் என்பது) 3க்குக் கீழே என்றால் ‘இடியட்’, 3 முதல் 7 வரை ‘இம்பெசில்’, 8 முதல் 12 வரை ‘மோரான்’. கடைசிச் சொல் அவரே கிரேக்கத்திலிருந்து உருவாக்கியது. இவை அன்று வசைச்சொற்கள் அல்ல, பதிவேட்டு வகைகள். மூன்றையும் ‘மனநோயாளி’ என்று தமிழாக்குவது பெரிய பிழை. மனநோய்க்கு அதே பதிவேடுகளில் தனிக் குறி இருந்தது. மேற்கோளில் மூலச்சொல்லை அப்படியே வையுங்கள். உங்கள் சொந்த வாக்கியத்தில் ‘அறிவுசார் குறைபாடு’ என்று எழுதுங்கள், அதுவும் வேறு சான்று இருந்தால் மட்டும். காது கேளாத குழந்தையும் பள்ளிக்கே போகாத குழந்தையும் அந்தச் சோதனையில் பின்தங்கியிருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

அடுத்து வம்சாவளிப் படம். சதுரம் ஆண், வட்டம் பெண். கறுப்பாக நிரப்பி ‘எஃப்’ என்று எழுதியிருந்தால் மந்தபுத்தி, ‘என்’ என்றால் இயல்பானவர், ‘ஏ’ குடிகாரர், ‘எஸ்எக்ஸ்’ ஒழுக்கம் கெட்டவர். சுட்டும் கை ஒன்று வரைந்திருந்தால் காப்பகத்தில் இருக்கும் குழந்தை அது. வெற்று வட்டமும் வெற்றுச் சதுரமும் ‘தீர்மானிக்கப்படவில்லை’ என்பதற்கு. இவற்றைத்தான் முதலில் எண்ண வேண்டும். காடர்ட் 1912இல் வெளியிட்ட ‘கல்லிகாக்’ குடும்ப ஆய்வில், கெட்ட கிளை என்று அவர் சொன்ன 480 பேரில் 143 பேர் மந்தபுத்தி, 46 பேர் இயல்பானவர்கள். மீதி 291 பேரைப் பற்றி உறுதியாக எதுவும் தெரியாது. பல தலைமுறைக்கு முன் இறந்தவர்களைக்கூடக் களப்பணியாளர் எலிசபெத் கைட் ஊராரிடம் விசாரித்தே வகைப்படுத்தினார். அதோடு, கிளையின் மூதாதை எனச் சொல்லப்பட்டவர் மதுவிடுதிப் பெண்ணுக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்தவர் என்பதே தவறு என்று பிற்கால வம்சாவளி ஆய்வு காட்டியது. படத்தின் உச்சியில் இருக்கும் ஒரு கோடு பொய்யானால் கீழே உள்ள அத்தனையும் சரியும். ஆகவே ஞானஸ்நானப் பதிவு, திருமணப் பதிவு, நிலப் பத்திரம் ஆகியவற்றோடு மேலிருந்து கீழாக ஒப்பிடுங்கள்.

காப்பகத்துக்கு வெளியே உள்ள தாள்கள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு வர்ஜீனியாவில் காப்பகத்துக்கு அனுப்பப்பட்ட கேரி பக் என்ற இளம்பெண்ணின் வழக்கைப் பாருங்கள். 1927 மே 2 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8க்கு 1 என்ற கணக்கில் அவருக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய அனுமதித்தது. தாய், கேரி, கேரியின் மகள் விவியன் என மூன்று தலைமுறையும் குறைபாடுள்ளவர்கள் என்பதே வாதம். 1924இல் கீழ் நீதிமன்ற விசாரணையின்போது விவியன் கைக்குழந்தை; பார்வைக்கு அவ்வளவு இயல்பாக இல்லை என்று ஒரு சமூகப்பணியாளர் சொன்னதே சாட்சியம். பள்ளிப் பதிவேடோ வேறு கதை சொல்கிறது: கேரி ஆறாம் வகுப்பு வரை ஒழுங்காகத் தேறியவர். விவியன் 1931இல் சிறந்த மாணவர் பட்டியலில் இடம்பெற்று, 1932இல் எட்டு வயதில் நோயால் இறந்துபோனாள். கேரி காப்பகத்துக்கு அனுப்பப்பட்டதன் பின்னால் இருந்தது ஒரு பாலியல் வன்முறை. அது கோப்பில் ‘ஒழுக்கக்கேடு’ ஆனது. இந்தச் சொல்லை எங்கே பார்த்தாலும், குழந்தை பிறந்த தேதியையும் சேர்க்கப்பட்ட தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அறுவைசிகிச்சைப் பதிவையும் குடும்பத்தார் நினைவையும் ஒப்பிடுங்கள். கேரியின் தங்கை டோரிஸிடம் குடல்வால் அறுவை என்றே சொல்லியிருந்தார்கள்.

ஜெர்மன் கோப்புகளில் நாள்களே சாட்சி. நாஜி அரசின் 1939 ஆகஸ்ட் 18 ஆணைப்படி, மூன்று வயதுக்குட்பட்ட குறைபாடுள்ள குழந்தைகளை மருத்துவரும் மருத்துவச்சியும் படிவத்தில் தெரிவிக்க வேண்டும். மருத்துவச்சிக்கு ஒரு படிவத்துக்கு 2 ரைஷ்மார்க். மூன்று வல்லுநர்கள் குழந்தையைப் பார்க்காமலே கூட்டல் அல்லது கழித்தல் குறி போட்டார்கள். கூட்டல் என்றால் சாவு. அதன்பின் வரும் கடிதத்தில் ‘சிகிச்சைக்கு அனுமதி’ என்றிருந்தால் அது கொல்வதற்கான அனுமதி. படிவத் தேதி, இந்தக் கொலைகள் நடந்த மருத்துவமனைச் ‘சிறப்புப் பிரிவில்’ சேர்த்த தேதி, இறந்த தேதி, வாராந்தர எடை, லூமினால் என்ற தூக்கமருந்தின் அளவு ஆகியவற்றை ஒரே வரிசையில் எழுதுங்கள். இறப்புக் காரணம் ‘நிமோனியா’ என்றிருந்தால் அதை முழுப்பொய் என்று தள்ளிவிடாதீர்கள். தூக்கமருந்தைத் தொடர்ந்து கூட்டிக் கொடுத்தால் மூச்சு தளர்ந்து நிமோனியா உண்மையாகவே வரும். எழுதியது நோய், மறைத்தது அதை வரவழைத்த கை.

இறப்புத் தேதியோடு கோப்பை மூடவும் கூடாது. வியன்னாவின் அம் ஸ்பீகல்கிரண்ட் மருத்துவமனையில் 1940 முதல் 1945 வரை 789 குழந்தைகள் இறந்தார்கள். அவர்களில் பலருடைய மூளைகளைக் கண்ணாடிக் குடுவைகளில் வைத்து, போருக்குப் பிறகும் பல ஆண்டுகள் ஆய்வுக்குப் பயன்படுத்தினார்கள். அவை மண்ணுக்குப் போனது 2002 ஏப்ரலில். அதனால் ஒரு குழந்தையின் பெயர் தெரிந்ததும், போருக்குப் பிந்தைய உடற்கூறு மாதிரிப் பட்டியல்களிலும் ஆய்வுக்கட்டுரைகளிலும் அந்த வயதையும் இறந்த தேதியையும் தேடுங்கள்.